6174க்கு வராத காடி

இந்த அறையில் ஏர்கோன் கொஞ்சம் அதிகம், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, டியூஷன் எடுத்து எடுத்து எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

முதலில் அந்த எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். 6174. வெளியே நிற்கும் உங்கள் காடியின் நம்பர் 3524. இலக்கங்களைப் பெரியதிலிருந்து அடுக்கினால் 5432, சிறியதிலிருந்து அடுக்கினால் 2345. கழித்தால் 3087. அதையும் அப்படியே அடுக்கிக் கழித்தால் 8352. இன்னொரு தடவை செய்தால் 6174. அதற்குப் பிறகு எத்தனை தடவை கழித்தாலும் 6174தான். எந்த நான்கு இலக்க எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வரும். எஸ்டேட்டை விற்றபோது வீடும் போய் ஈப்போவுக்கு வந்தவள் நான். எங்கே பிறந்தாலும் வந்து சேர ஓர் இடம் உண்டு என்று இந்த எண்ணை வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரே ஒரு விலக்கு. நான்கும் ஒரே இலக்கமாக இருந்தால் கழித்ததும் பூஜ்யம். அதையும் நான் மறைத்ததில்லை.

என் மாணவி ஷாமினியின் அப்பா தர்மா, ஏலத்தில் 7777 நம்பரை எடுத்துப் புதுக் காடியில் மாட்டியிருந்தான். பெற்றோர் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றான்.

"சரளா டீச்சர், என் காடி நம்பரக் கழிச்சுப் பாருங்க. கொசோங் லா, வெறும் பூஜ்யம். ஒங்க கணக்கு ஓடல."

விலக்கு உண்டு என்றேன். "தோத்தா மட்டும் விலக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், ஷாமினியும்தான். என் முகத்தில் கரி பூசிவிட்டான். அடுத்த வாரம் பாதி நாற்காலி காலி. எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

போன சனிக்கிழமை அந்தக் காடி என் டியூஷனுக்குக் கீழே மெக்கானிக் பத்துமலையின் பட்டறை வாசலில் நின்றது. மதியம் அவர் பட்டறையை மூடிவிட்டுக் காடிச் சாவியோடு மேலே வந்தார்.

"டீச்சர், பிரேக் ஆயில் ஒழுகுது. சாமான் நாளைக்குத்தான் வரும். தர்மா மகளக் கூட்டிட்டுப் போக வந்தா, காடிய எடுக்க வேணாம்னு சொல்லிடுங்க. உள்ள பொருள் ஏதும் இருந்தா எடுத்துக்கட்டும்."

தர்மா வந்தான். "காடி ரெடியா டீச்சர்? கேமரன் போறோம் லா" என்றான். சாவியைக் கொடுத்தேன்.

சொல்ல மறந்துவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பாதை எனக்குத் தெரியும். ஏறும்போது பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. இறங்கும்போதுதான். தர்மா மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. ஒரு விலக்கை நீக்கினேன், அவ்வளவுதான்.

வருத்தமா என்று கேட்கிறீர்கள். இல்லை. கோர்ட்டிலும் இதையேதான் சொல்வேன். ஆனால் என்னை ஈவிரக்கமில்லாதவள் என்று எழுதிவிடாதீர்கள். பின்சீட்டில் ஏறிய ஷாமினியிடம் ஜன்னல் வழியாகக் குனிந்து, "பெல்ட் போட்டுக்கம்மா" என்று சொன்னது நான்தான். போட்டுக்கொண்டாள். அப்பன் போய்விட்டான், அவள் உயிரோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கண் திறந்தால், டீச்சருக்கு நன்றி சொல்லச் சொல்லுங்கள்.