மணல்திட்டில் ஒரு சட்ட வகுப்பு

இந்தக் காப்பியில் சர்க்கரை கொஞ்சம் அதிகம். குறையாகச் சொல்லவில்லை, தெல்மிரா. காவல் நிலையத்துக் காப்பி எங்கேயும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. நீங்கள் கேள்வி கேட்டுச் சிரமப்பட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே உங்கள் கேள்விகள் வளவளவென்றுதான் இருக்கும். இன்ஸ்பெக்டர் ஆன பிறகும் அது மாறவில்லை.

என் பெயர் லியோனிடாஸ் பிரகான்சா. பல்கலைக்கழகத்தில் என் வயதின் பாதியைக் குற்றவியல் சட்டம் கற்பிப்பதில் கழித்தேன். இந்த மாநிலத்தின் நல்ல நீதிபதிகள் சிலரும் திருட்டு வக்கீல்கள் பலரும் என் மாணவர்கள். யாரோ எழுதிய சட்டத்துக்குக் கடைசிவரை உரை சொல்லிக்கொண்டே சாவதா என்று ஒரு நாள் தோன்றியது. மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டேன்.

மக்கள் என்னை மிகவும் மதித்தார்கள். ஓட்டு மட்டும் போடவில்லை. நான் மேடையில் அரசியலமைப்பைப் பற்றி ஆரம்பித்தால், குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று கூட்டம் கலையும், ஆண்கள் உட்பட. அதனால் ஜுவெனாலை நானே கட்சிக்குள் அழைத்து வந்தேன். சந்தையில் நண்டு விற்பவன். அவனைத் தெரியாத நாய்கூட நகரத்தில் கிடையாது. அவன் வாங்கும் ஓட்டும் கட்சிக் கணக்கில் சேரும், அதன் மேல் ஏறி நான் உள்ளே போய்விடலாம் என்பது என் ஏற்பாடு.

கட்சிக்குக் கிடைத்தது ஒரே இடம். பிரேசிலில் கட்சி வேட்பாளர்களில் யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கு அந்த இடம். நண்டுக்குப் போனது. அடுத்து வந்த நான் மாற்று உறுப்பினர். உறுப்பினர் விலகினாலோ இறந்தாலோ நாற்காலி மாற்று உறுப்பினருக்கு. இதை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்.

மசோதா வந்தால் அவன் எனக்குத்தான் போன் செய்வான். "வாத்தியாரே, இதுக்குக் கையத் தூக்கணுமா, சும்மா இருக்கணுமா?" நான் சொல்வேன், அவன் தூக்குவான். அவனைப் பத்திரிகைகள் மக்களின் மனசாட்சி என்று எழுதின. அந்த மனசாட்சிக்கு உரை தயாரித்துக் கொடுத்தவன் நான்.

உலகக் கோப்பை நடந்தது. பிரேசில் ஆடுகிற நாளில் ஆற்றில் ஒரு படகு இருக்காது, தெருவில் ஒரு பூனை இருக்காது. ஜுவெனால் மட்டும் வெளியே இருப்பான். அவன் பார்த்தால் பிரேசில் தோற்கும் என்று அவன் தெருவே நம்பியது. "எங்கயாவது தொலைஞ்சு போய்யா, ஜெயிச்சதும் வா" என்று அவன் மனைவி ரைமுந்தாவே விரட்டிவிடுவாள். அந்த வார்த்தையை நினைத்து இப்போதும் அழுகிறாளாம். அநாவசியம். அவளுக்கு இதில் சட்டப் பொறுப்பு எதுவும் இல்லை.

அப்படி ஒரு ஆட்ட நாளில்தான் என் மோட்டார் படகில் அவனை ஏற்றிக்கொண்டு கழிமுகத்து மணல்திட்டுக்குப் போனேன். நீர் வற்றும்போது தலைகாட்டி, ஏறும்போது மறைந்துவிடுகிற திட்டு. மீன் சுட்டோம். பீர் இருந்தது. ஜுவெனாலுக்கு நீச்சல் தெரியாது. "சேத்துல நடக்குறவனுக்கு நீச்சல் எதுக்கு" என்பான்.

ஐஸ் வாங்கக் கரைக்குப் போனேன், திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது என்று அப்போது போலீஸ் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். கரைக்கே போகவில்லை. எஞ்சினும் நல்ல எஞ்சின். நான்தான் நிறுத்தினேன், அவன் கைக்கு எட்டாத தூரத்தில்.

"கால் நனையுது வாத்தியாரே, படகக் கொண்டாங்க" என்று சிரித்தான்.

"இரு ஜுவெனால். உனக்கு ஒண்ணு விளக்கணும்" என்றேன்.

ஒருவன் நீரில் மூழ்குகிறான், இன்னொருவன் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறான். அவன் செய்தது என்ன குற்றம்? நான் வருடாவருடம் நடத்திய பாடம்தான். உங்களையெல்லாம்விட அவன் நன்றாகக் கவனித்தான். முழங்கால் நனைந்தபோது சந்தேகம்கூடக் கேட்டான். "அப்ப தள்ளிவிட்டாத்தான் கொலையா? சும்மா பாத்தா இல்லையா?"

"யாரோ வழிப்போக்கன் பாத்தா கொலையில்ல. ஆபத்துல கொண்டுவந்து விட்டவனே பாத்தா கொலைதான்."

அவன் சிரிப்பு நின்றது. இந்தப் பாடம் இவ்வளவு சீக்கிரம் வேறு யாருக்கும் புரிந்ததில்லை.

கரையில் பட்டாசு வெடித்தது, கோல். பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தான். பிறகு கத்தினான். பட்டாசுச் சத்தத்தில் அது எங்கே கேட்கப் போகிறது. இடுப்புவரை ஏறியதும், "வாத்தியாரே, ராஜினாமா பண்ணிடுறேன். இப்பவே எழுதித் தரேன், நாற்காலிய நீங்களே வெச்சுக்கங்க" என்று கும்பிட்டான். மிரட்டலுக்குப் பயந்து கொடுக்கும் ராஜினாமா செல்லாது, எந்த நீதிமன்றமும் தள்ளிவிடும் என்று எடுத்துச் சொன்னேன். தவிர, காகிதமும் நனைந்துவிடும்.

நெஞ்சளவு இருக்கும்போது மறுபடி பட்டாசு. "ரெண்டாவதா? நான் பாக்கலல்ல, அதான்" என்றான். அழுதுகொண்டேதான் சொன்னான், ஆனாலும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதற்குப் பிறகு அவன் பேசியதில் பதிவு செய்யும்படி எதுவும் இல்லை. முடியும்வரை நான் அங்கேதான் இருந்தேன்.

அவன் சொன்ன அந்த இரண்டாவது கோல் சமாச்சாரத்தை நான் வெளியே விட்டிருக்கக் கூடாது. சட்டமன்ற அஞ்சலிக் கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன். மேடையில் நான் பேசி ஜனங்கள் அழுதது அதுதான் முதல் தடவை. பார்வையாளர் வரிசையில் நீங்கள் மட்டும் அழவில்லை. இரண்டாவது கோலின்போது நான் கரையில் ஐஸ் கடை தேடிக்கொண்டிருந்ததாக அல்லவா என் பழைய வாக்குமூலம். நல்ல கவனிப்பு. இதே பாடத்தில்தான் உங்களைப் பெயிலாக்கினேன். மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்யத் தயார்.

நாற்காலியில் உட்கார்ந்து நான் சும்மா இருக்கவில்லை. மணல்திட்டுக்குப் போகிற எல்லோரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும் என்று ஜுவெனால் பெயரில் சட்டம் கொண்டுவந்தேன். ஒருவர் எதிர்க்கவில்லை. அதனால் இதுவரை சிலர் பிழைத்திருக்கிறார்கள். கூட்டிக்கழித்துப் பார்த்தால் உயிர்க்கணக்கில் நான் லாபத்தில்தான் இருக்கிறேன்.

கேளுங்கள், ஏதோ கேட்க வந்தீர்களே.

"சார், அன்னைக்கு வீட்ட விட்டுக் கிளம்பும்போதே ஜுவெனால் சொல்லிட்டுத்தான் வந்திருக்காரு. 'அந்த நாற்காலில உக்காந்தா முதுகு வலிக்குது, எனக்குச் சந்தைதான் சரி, இன்னைக்கு வாத்தியார்கிட்டயே குடுத்துடப் போறேன்'னு. ரைமுந்தா இப்பதான் சொல்றாங்க. அத உங்ககிட்ட சொல்ல அவருக்கு நேரமே கிடைக்கலையா?"

கிடைத்தது. மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னான், தண்ணீர் ஏறத் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பு. "உங்களுக்குத்தான் ஆசையா இருக்குல்ல, எடுத்துக்கங்க வாத்தியாரே" என்று, மீன் எண்ணெய் வழியும் கையால் என் தோளில் தட்டிக் கொடுத்தான். அதுவரை, உண்மையைச் சொல்கிறேன், ஐஸ் வாங்கத்தான் போவதாக இருந்தேன்.

நண்டுக்காரன் தூக்கிப் போடுவதைப் பொறுக்கிக்கொள்வதற்கா அத்தனை வருடம் சட்டம் படித்தேன்? அது எனக்கு முறைப்படி வர வேண்டிய இடம், தெல்மிரா. முறைப்படிதான் எடுத்துக்கொண்டேன்.