அனுப்பாமல் வைத்த அறிவிப்பு

விருந்தினரை ஜன்னலுக்கு எதிரே உட்கார வைக்கக் கூடாது. வெளிச்சம் கண்ணில் அடித்தால் முகம் சுளிக்கும். சுளித்த முகத்தோடு எழுதும் குறிப்பும் சுளித்துத்தான் இருக்கும். அதனால் அன்று காலை மேசையை நானே திருப்பிப் போட்டேன்.

இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தகவல் தொடர்புப் பிரிவுக்கு நான் தலைவி. உள்ளே நடப்பதை வெளியுலகுக்குச் சொல்வதும், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவேண்டியதை உடனே தெரிவிப்பதும் எங்கள் வேலை. அதை ஒழுங்காகச் செய்கிறோமா என்று மதிப்பிட, வேறு ஆராய்ச்சிக்கூடங்களில் இதே வேலை பார்க்கும் மூன்று பேர் வந்திருந்தார்கள். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், சார். எனக்கு அவசரமில்லை.

வீட்டுக் கல்யாணம்போல் ஓடியாடி உழைத்தோம். காரணம் இருந்தது. "உங்க பிரிவு இல்லாட்டி என்ன குறைஞ்சிடும்?" என்று இயக்குநர் ஒரு கூட்டத்தில் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். கோபமாகக் கேட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன். பிரிவைச் சுருக்கினால் முதலில் வீட்டுக்குப் போகிறவன், ஒப்பந்தத்தில் இருக்கும் புகைப்படக்காரன். அவன் என் தம்பி.

அப்பா போனபிறகு அவன் என் இடுப்பிலேயே வளர்ந்தான். பெரியவனானதும் எந்த வேலையிலும் ஒட்டவில்லை. கல்யாண ஸ்டூடியோவில் சண்டை, பத்திரிகையில் சண்டை. நான்தான் கையைக் காலைப் பிடித்து இங்கே சேர்த்துவிட்டேன். இங்கே வந்து அவன் அடங்கினான். ஒரு பூஞ்சையைப் படம் எடுப்பதற்கு நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தப் படத்தைப் பார்த்த விஞ்ஞானி, "இதையா நான் இத்தனை வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன்?" என்றார். அலுவலகத்தில் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவான். அக்கா தயவில் இருக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்.

விருந்தினர் முதல் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது பாதுகாப்பு அதிகாரி எனக்குப் போன் செய்தார். நான் நடைக்கு வந்து பேசினேன். அடித்தளத்தில் மாதிரிகளை உறைய வைக்கும் நைட்ரஜன் கசிகிறது. அது விஷம் இல்லை. ஆனால் காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் நிறைந்துகொள்ளும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. "ரெண்டு மூச்சு இழுத்தா ஆள் விழுந்துடுவாங்க மேடம். முன்கதவப் பூட்டிட்டேன். பின்படிக்குப் பூட்டே இல்ல. உடனே எல்லாருக்கும் மெசேஜ் போட்டுடுங்க" என்றார்.

எல்லா ஊழியர்களின் போனுக்கும் ஒரே சமயத்தில் போகும் அறிவிப்பு என் கையில்தான் இருக்கிறது. அங்கேயே நின்று எழுதினேன். 'அடித்தளத்துக்கு யாரும் போக வேண்டாம்.' பிழையில்லாத வாக்கியம். ஆனால் எங்கள் வேகத்தைக் கண்ணால் பார்க்கட்டும் என்று, விருந்தினர் மூவரின் எண்களையும் முதல் நாளே நான் அந்த வரிசையில் சேர்த்திருந்தேன். மேசைமேல் மூன்று போன்களும் ஒன்றாகச் சிணுங்குவதை நினைத்துப் பார்த்தேன். அவர்கள் சாப்பாட்டுக்குக் கிளம்பியதும் அனுப்பிக்கொள்ளலாம் என்று வைத்தேன். அதுவரை யார் அங்கே போகப் போகிறார்கள்?

பேச்சு நன்றாகப் போனது. குழுவின் தலைவியாக வந்த அம்மாள் சுவரில் இருந்த பூஞ்சைப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யார் எடுத்தது?" என்றார். ஓரமாக நின்றிருந்த தம்பியைக் காட்டினேன். "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். பெரிய படங்கள் எல்லாம் அடித்தள ஸ்டோரில் இருந்தன. தம்பி எடுத்துவரப் போனான். நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் வாய் நிறையப் பாராட்டினார். "இவ்வளவு ஒளிவுமறைவில்லாத பிரிவ நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். நான் நன்றி சொன்னேன். கதவைப் பார்த்தேன். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

பாதுகாப்பு அதிகாரி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். "மெசேஜ் போட்டீங்களா?"

"இதோ, போயிட்டிருக்கு" என்று சொல்லி, அப்போதுதான் அனுப்பினேன். மூன்று போன்களும் சிணுங்கின.

முகமூடி போட்டுக்கொண்டு இறங்கித் தம்பியைத் தூக்கிவந்த ஊழியர் பிறகு சொன்னார். பின்படியின் கீழே, நெஞ்சோடு ஒரு படத்தை அணைத்தபடி கிடந்தானாம். இவர் கையில் ஏந்தியபோது அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்ததாம்.

இரங்கல் செய்தியையும் நான்தான் எழுதினேன். இயக்குநர் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. பிரிவும் நிலைத்துவிட்டது.

அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவன் கீழ போறான்னு உனக்குத் தெரியாதுல்ல?" தெரியாதும்மா என்றேன். அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். போன தடவை விசாரணைக்கு நீங்கள் வந்தபோது உங்களிடமும் அதையேதான் சொன்னேன்: நான் கவனிக்காதபோது எழுந்து போய்விட்டான் என்று. அவன் வேலை நிலைக்கத்தான் செய்தியை நிறுத்தி வைத்தேன் என்றும் சொன்னேன். வேலை போனால் என்ன, இத்தனை வருஷம் சோறு போட்டவள் இன்னும் போட்டிருக்க மாட்டேனா?

அவன் என்னைக் கேட்டான். வாசல்வரை போய்த் திரும்பி நின்று கேட்டான். சந்தோஷத்தில் மேடத்தை மறந்துவிட்டான். "அக்கா, கீழ போய் எடுத்துட்டு வந்துடட்டுமா?" விருந்தினர் மூவரும் கேட்டார்கள், அதன் பொருள் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் ஏன் என்பான். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கிளம்புகிறவர்களைப் 'போ' என்று சொல்லக் கூடாது அல்லவா? நான் அப்படிச் சொல்லவில்லை. "போயிட்டு வா" என்றுதான் சொன்னேன்.