குழாயடியில் நாற்பது நாள்

— ஒரே ஒரு சண்டை, கன்னியம்மாக்கா. சின்னதா இருந்தாகூடப் போதும். கெஞ்சிக் கேக்கறேன்.

— ஐயய, காலங்காத்தால என்னா கேள்வி தம்பி இது? நாப்பது நாளா எங்க குழாயடில குந்திக்கிட்டு நோட்டுல எழுதற. ஒத்துமையா இருக்கோம். அது புடிக்கலியா ஒனக்கு?

— என் ஆராய்ச்சித் தலைப்பே 'தெருக்குழாய்ச் சண்டைகள்: ஒரு சமூகவியல் பார்வை'. வெள்ளிக்கிழமை புரொபசர்கிட்ட நோட்டக் குடுக்கணும். சண்டை இல்லன்னா பட்டம் இல்லன்னுட்டார்.

— அப்ப இம்மாம் பக்கம் என்னாதான் எழுதி வச்சிருக்க?

— படிக்கறேன் கேளுங்க. 'ஆயம்மா கல்யாணப் பட்டுப்புடவையில் வந்தார். குடம் இடித்தது. பர்தோன் என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். ஆதிலட்சுமி சிரித்தார்.' எல்லாப் பக்கமும் இப்டித்தான். போன செவ்வாக்கிழமை, நீங்க புடிங்க, இல்ல நீங்க மொதல்ல புடிங்கன்னு உபசாரம் பண்ணிக்கிட்டே நின்னீங்க. தண்ணியே நின்னு போச்சு!

— ஆமா, அன்னிக்கு எந்த ஊட்லயும் உல வைக்கல. ஆனா மனசு ரொம்பிக் கெடந்துச்சி.

— போன வருசம் சென்சஸ் எடுக்க வந்தவருக்கு இங்கதானக்கா மண்டை உடைஞ்சுது? அதக் கேட்டுத்தான் இந்தத் தெருவையே தேர்ந்தெடுத்தேன்.

— அவர யாரும் அடிக்கல. செல்வாம்பாள அடிக்க எறிஞ்ச கொடம் அது. குறுக்க வந்துட்டாரு, பாவம். உஸ், தோ அவளே வரா.

— போன்ழூர் மிசே! கன்னியம்மா, நல்லாருக்கியா கண்ணு? நீ ரெண்டு கொடம் புடிச்சிக்க, நான் ஊட்டுக்குப் போயி மெதுவா வரேன். மிசே, இதையும் எழுதிக்குங்க. செல்வாம்பாள், பிரெஞ்சுப் பட்டாளத்து சிப்பாய், சொல்தா சாமிக்கண்ணு பொண்டாட்டி, நாலாம் நம்பர் ஊடு.

— போயிட்டாங்களா? அக்கா, இவங்க ஏன் என்ன பிரெஞ்சு தொரை மாதிரி மிசேன்னு கூப்புடறாங்க? வீட்டு நம்பரெல்லாம் எதுக்கு?

— நீ பிரெஞ்சு ஆபீசு ஆளுன்னு தெருவே நம்பிக்கிட்டு இருக்கு தம்பி. சண்ட போடறவங்க பேர நீ பிரான்சுக்கு எழுதிப் போடுவியாம். பென்சன் வாங்கறவளுக்குப் பென்சன் நின்னுடுமாம். மத்தவங்களுக்கு ஜென்மத்துக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி கெடைக்காதாம்.

— அடக் கடவுளே! யாருக்கா இப்டிப் புளுகினது?

— நான்தான்.

— நீங்களா!

— பின்ன? எங்க ஊடு தெருக்கோடி. பதினாறு வருசமா எம்மொற வரும்போது குழாய்ல வெறுங்காத்துதான். எம்பொண்ணு மூணு தெரு தாண்டிப் போயி உப்புக் கெணத்துல எறச்சிக்கிட்டிருந்தா. நீ வந்தப்புறம்தான் நல்ல தண்ணி ரெண்டு கொடம். நேத்து அவளுக்குத் தலைக்கு ஊத்தினேன். எனக்கு அழுவையே வந்துடுச்சி தம்பி.

— புரியுதுக்கா. ஆனா இது பெரிய தப்பு. நான் வெறும் மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஸ்டூடன்ட் இராமதாசுன்னு இப்பவே செல்வாம்பாள்கிட்ட போயி...

— குந்துடா கீழ!

— அக்கா, சட்டைய விடுங்க. கிழியுது!

— எழுந்தின்னா கால ஒடச்சிடுவேன்! கட்டையில போறவனே! எம்பொண்ணு இடுப்பப் பாத்திருக்கியா நீ? கொடம் தூக்கித் தூக்கிக் காப்புக் காச்சிக் கெடக்கு. பெருசா நாயம் பேச வந்துட்டான், நோட்டுக்காரப் பய!

— ஐயோ, குடத்தக் கீழ வைங்க! தலை, தலை! அக்கா... ஒரு நிமிசம். கொஞ்சம் மெதுவா. 'நோட்டுக்காரப் பய'ன்னதுக்கு முன்னாடி என்னா சொன்னீங்க?

— என்னாடா பண்ற? எழுதறியா?

— எழுதறேன்க்கா! நாப்பது நாள்ல முதல் சண்டை! தேதி போட்டாச்சு. நேரம் ஆறே கால். ஆயுதம், பித்தளைக் குடம். இங்க 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. தண்ணின்னு போட்டுடவா?

— தண்ணின்னு போடாத. எழுதறவன் எழுந்து போறேன்னான், அதான் காரணம்னு போடு.