நேசனுக்கு ஐந்து நிமிடப் பாராட்டுரை

– "அன்பும் அடக்கமும் நிறைந்த கலைஞர் குலநேசன் அவர்களே..." எப்பிடி ராஜேஸ்?

– அடக்கமோ? கொங்கா மேளம் அடிச்சு மூண்டு வாடகை வீட்டாலை கலைபட்ட மனுசனுக்கு அடக்கமோ?

– மெதுவாக் கதை. ரெயினெல்லே.

– இஞ்சாருங்கோ, இஞ்சை ஆருக்குத் தமிழ் விளங்கப்போகுது? மிச்சத்தை வாசியுங்கோ.

– "எண்பத்தாறாம் ஆண்டு, டாவோஸிலே, ஒரே ஹோட்டலிலே நாம் இருவரும் பணியாற்றிய காலம்..."

– கோப்பை கழுவினம் எண்டு சொல்லுங்கோவன்.

– மேடையிலையோ? உனக்கென்ன விசரே! உண்மையிலை கழுவினது நான். அவன் எங்கை கழுவினவன்? உருளைக்கிழங்கு வாளியைக் கவிட்டு வைச்சு டப்பு டப்பெண்டு... பாரிலை பியானோ வாசிச்ச கியூபாக்காரன் எட்டிப் பாத்திட்டு, தன்னோடை வாசிக்கக் கூட்டிக்கொண்டு போனான். அண்டைக்குப் பிடிச்ச சனியன்.

– அதிலைதானே ஆள் மேலை வந்தது.

– அவன் மேலை போக, அவன்ரை பங்குக் கோப்பையையும் நான்தானே கழுவினனான்!

– அதுக்கு இப்பவும் எரியுதோ?

– எரிச்சலில்லை, சிரிப்பு. யாழ்ப்பாணத்தான், கியூபாக்காரன்ரை மேளத்தை, சுவிஸ்காரனுக்கு அடிக்கிறான். லத்தீன் ஜாஸாம்! "சாமத்திய வீட்டுக்கு வந்து அடிப்பியோ" எண்டு நக்கலா முதல் கேட்டதே நான்தான்.

– பெரிய வீரம்.

– பேரைப் பாரன். தாய் தேப்பன் வைச்ச குலநேசன் இருக்க, போஸ்டரிலை "நேசோ".

– உங்கடை பேரையும் வேலையிலை "டில்லி" எண்டு வெட்டிக் கூப்பிட, நீங்கள் நாய்க்குட்டி மாதிரித் திரும்பிப் பாக்கிறேல்லையோ?

– அது வேறை... பிறகு ரெனான் எண்ட ஊரிலை ஒரு நிலவறை. அது ஸ்டூடியோவாம், இவர் புரடியூசராம். கொலம்பியாக்காரன், கொங்கோக்காரன்... வந்திறங்கின அகதியளையெல்லாம் பிடிச்சு வைச்சு முப்பத்திநாலு இசைத்தட்டு.

– ஒண்டையாவது கேட்டனீங்களோ?

– எனக்கெங்கை நேரம்?

– கார் சீற்றுக்குக் கீழை மூண்டு கிடக்கு.

– அது... ஆரும் விட்டிட்டுப் போயிருப்பினம்.

– ஓமோம். நாலைஞ்சு தரம் விட்டிட்டுப் போனவை போலை. தேஞ்சு போய்க் கிடக்கு.

– சரி விடு. இப்ப நகரசபை விருது குடுக்குது, குடுக்கட்டும். தமிழிலை ஐஞ்சு நிமிசம் பேசுறதுக்கு என்னை ஏன் கேட்டவன்? முப்பத்தைஞ்சு வருசமா முகங்குடுத்துக் கதையாத என்னை?

– அவர் எப்பவும் கதைக்க வந்தவர். நீங்கள்தான் கலியாண வீடுகளிலை அவரைக் கண்டவுடனை கார் எடுக்க ஓடினீங்கள்.

– ராஜேஸ்... நொஷாத்தெல் ஸ்டேசனிலை இறங்கித் திரும்புவமே? எனக்குக் காய்ச்சலெண்டு சொல்லு.

– பொன்னாடையை மடியிலை வைச்சுக்கொண்டு காய்ச்சலோ? என்ன பயம் உங்களுக்கு?

– "இவரைப்போல ஒரு நேர்மையான மனிதரை நான் கண்டதில்லை" எண்டு எழுதிப்போட்டன். அவன்ரை முகத்தைப் பாத்து அதை வாசிக்க ஏலாது.

– ஏன்? பொய்யோ?

– உண்மை. அதுதான் கரைச்சல்.

– விளங்கேல்லை.

– உனக்கு நேசனைக் கலியாணம் பேசின நேரம்... லண்டனிலை இருந்து உன்ரை அண்ணை எனக்கு ஃபோன் எடுத்தவர். "தம்பி, ஒரே அறையிலை இருக்கிறீர், பெடியன் எப்பிடி" எண்டு விசாரிச்சவர்.

– ம்.

– குடிகாரன் எண்டு சொன்னன். ஒரு கியூபாக்காரியோடை இருக்கிறான் எண்டும்... சோடாவுக்கு மேலை ஒண்டும் குடியாதவன், ராஜேஸ். மேளத்தை விட்டா அவனுக்கு வேறை நினைப்பில்லை.

– பிறகு?

– உன்ரை படத்தை அவன் கட்டில் தலைமாட்டிலை வைச்சிருந்தவன். நான்தான் அதைப் பாத்துக்கொண்டே கிடந்தனான். ஆறு மாசத்தாலை உன்ரை அண்ணைக்கு என்ரை சாதகத்தை அனுப்பினன்... ஏதாவது சொல்லன். பேசு. அடி.

– என்னத்தைச் சொல்ல? நான் சுவிசுக்கு வந்த கிழமையே நேசன் எனக்கு ஃபோன் எடுத்தவர். "தங்கச்சி, உங்கடை அண்ணை என்னைப் பற்றி விசாரிச்சது அவன் ஒருத்தனிட்டைத்தான், பொய் ஆர் சொன்னதெண்டு எனக்குத் தெரியும். ஆனா உங்களை வடிவாப் பாத்துக்கொள்ளுவான். இதை அவனிட்டைக் கேக்காதேங்கோ" எண்டார். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு முப்பத்தைஞ்சு வருசம் பாத்தன். பொறுக்கேலாமல், உங்களைப் பேசக் கூப்பிடச் சொல்லி அந்தாளிட்டைக் கேட்டதும் நான்தான். இண்டைக்கு ஒரு மண்டபம் நிறைஞ்ச சனம் அவர் எப்பிடிப்பட்டவரெண்டு உங்களிட்டை விசாரிக்குது... இந்தமுறையாவது உண்மையைச் சொல்லுங்கோ.