ஜிம்மி உட்கார்ந்திருந்த பதினெட்டு நிமிடம்

தாம்பரம் பக்கத்து நாய்களுக்குப் பொறை என்றால் உயிர். டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் அந்தக் காய்ந்த ரொட்டிக்காக எந்த நாயும் ஐந்து நிமிடம் நம் பேச்சைக் கேட்கும். ஆறாவது நிமிடம்தான் கஷ்டம். இதை முதலிலேயே சொல்கிறேன். ஜிம்மியை நான் அடித்துப் பழக்கியதாக யாரும் எழுதிவிடக் கூடாது சார். ஒரு நாள்கூட அதன்மேல் கை வைத்ததில்லை.

பெயர் கேசவன், வயது இருபத்திரண்டு. பகலில் குரோம்பேட்டையில் ஒரு மொத்த மருந்துக் கடையில் வேலை. சாயங்காலம் மேற்குத் தாம்பரத்தில் தமிழ்த் தட்டச்சு வகுப்பு. முடிச்சூரில் தட்சிணாமூர்த்தி அண்ணன் வீட்டின் பின்பக்க அறையில் ஒன்றரை வருடமாக வாடகைக்கு இருந்தேன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். செய்தது சரியா என்று சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் டைரி எழுதுகிறேன். வகுப்பில் சாம்பசிவன் சார் எழுத்துகளை அட்டையால் மூடிவிடுவார். "கீழ பாக்காதே. ஸ்பீடு அப்புறம் வரும். முதல்ல தப்பில்லாம ஒரு பக்கம் அடி" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஜிம்மி அண்ணனின் நாய். அவருக்கு வலிப்பு உண்டு. தினமும் காலையில் ஏரிக்கரைக்குப் போவார், ஜிம்மியும் கூடவே போகும். இரண்டு தடவை அங்கே வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். இரண்டு தடவையும் ஜிம்மி வீட்டுக்கு ஓடிவந்து, அவர் மனைவி கங்கையம்மாள் அக்காவின் புடவையைக் கடித்து இழுத்திருக்கிறது. "அது தனியா வந்தாத்தான் எனக்கு பயம். வரலன்னா அவரு நல்லாக் கீறாருன்னு அர்த்தம்" என்று அக்கா என்னிடமே சொல்லியிருக்கிறார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் மூலம் மனை பார்க்க வந்த நாலைந்து பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஜிம்மி என் செருப்பைக் கவ்விக்கொண்டு நின்றது. "போடு, போடு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இன்னா கேசவா, நாயாண்ட மனு குடுத்துகினு கீறியா?" என்றார் அண்ணன். "நீ சொன்னா நாய்கூடக் கேக்காதுடா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காதான் செருப்பை வாங்கிக் கொடுத்தார். "அவரு கெடக்காரு. நீதான் பொறுமைசாலி ஆச்சே. இது லாரியப் பாத்தா தொரத்திகினு ஓடுது. சொன்னா ஒரு எடத்துல குந்தறாப்ல பழக்கி வுடேன்" என்றார். நான் தொடங்கியது அக்கா கேட்டதால்தான். கோபத்தில் அல்ல.

உள்ளங்கையை விரித்துக் காட்டி "இரு" என்பேன். "சரி" என்றால் எழுந்துகொள்ளலாம், பொறையும் கிடைக்கும். முதல் வாரம் பத்து விநாடி. ஏப்ரல் கடைசியில் நான்கு நிமிடம். அப்புறம் தூரத்தைக் கூட்டினேன். மே மாதம் ரோட்டோரம் உட்காரவைத்து லாரிகளைப் போகவிட்டேன், அசையவில்லை. பூனை, மீன்தலை, பக்கத்துத் தெரு நாய், ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். "வாத்தியாரே, உன் ஸ்டூடன்ட் எப்ப பாஸ் ஆவுது?" என்று அண்ணன் கேட்பார். செப்டம்பரில் பதினேழு நிமிடம் ஆயிற்று.

ஆனாலும் சந்தேகம் போகவில்லை. மீன்தலையைவிடப் பொறை மேல் என்பதால் உட்கார்ந்திருக்கிறதா, இல்லை, சொல்வது நான் என்பதாலா? அதற்கு உயிரைவிடப் பெரிதான ஒன்றை எதிரே வைத்தால்தானே தெரியும்? அந்த நாய்க்கு அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அக்டோபரில் நல்ல மழை. ஏரி நிரம்பியிருந்தது. நீங்கள் கேட்கிற அந்த நாள் காலை ஆறேகாலுக்கு அண்ணன் கரையிலிருந்து இறங்கி முகம் கழுவக் குனிந்தார். அப்படியே முன்பக்கமாக விழுந்தார். கைகால் இழுத்தது. ஜிம்மி ஒரு தடவை குரைத்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பியது. நான் வேலிகாத்தான் புதர் ஓரமாக நின்றிருந்தேன். கையை விரித்து "இரு" என்றேன்.

உட்கார்ந்தது.

அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. தொண்டையில் ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஆனால் எழவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் அங்கே தண்ணீர் கணுக்கால் அளவுதான், அதனால் சொல்லவில்லை. மூன்று நிமிடம் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறாவது நிமிடத்தில் தண்ணீர் அசைவது நின்றது. பழைய கணக்கு பதினேழு என்பதால் பதினெட்டு வரை பார்த்தேன். பிறகு "சரி" என்றேன். பொறையை நீட்டினேன். அதைத் தொடாமல் தண்ணீருக்குள் போய் அவர் சட்டையைப் பல்லால் பிடித்து இழுத்தது. இதையும் டைரியில் எழுதியிருக்கிறேன். பாதகமானதை மட்டும் மறைப்பது என் வழக்கமில்லை.

நான் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன். அக்கா காபி கொடுத்தார். "இன்னிக்கு லேட்டாவுதே. ஜிம்மி வரல இல்ல? அப்ப நல்லாத்தான் கீறாரு" என்றார்.

"ஆமாங்கா" என்றேன்.

வீட்டிலிருந்து உடலைத் தூக்கியபோது அக்கா எல்லோரிடமும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: "ஜிம்மி ஏன் வரல? ஏன் வரல அது?" பாடை நகர்ந்ததும் ஜிம்மி அதன் பின்னால் பாய்ந்தது. என் கை தானாக விரிந்தது. வாயைத் திறக்கவில்லை சார், கை மட்டும்தான். ஜிம்மி அங்கேயே உட்கார்ந்தது. அக்கா நாயைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

அன்று தற்செயலாக அங்கே நின்றேனா என்று கேட்டீர்கள். இல்லை. வலிப்பு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது, அதனால் பதினோரு நாள் போய் நின்றேன். அவருடைய மாத்திரையை மாதாமாதம் எங்கள் கடையிலிருந்து நான்தான் கொண்டுவந்து கொடுப்பேன். அந்த மாதம் ஸ்டாக் இல்லை, எங்கேயும் கிடைக்காது, சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். அக்கா நம்பினார். இதெல்லாம் சோதனைக்கான ஏற்பாடு. அண்ணன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

என் பெட்டியில் எடுத்த தட்டச்சுத் தாள்களைப் பற்றியும் கேட்டீர்கள். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை, நாளுக்கு ஒரு தாள், எல்லாவற்றிலும் மேலிருந்து கீழ்வரை 'நீ சொன்னா நாய்கூடக் கேக்காதுடா' என்ற ஒரே வரி. அது வெறும் பயிற்சி சார். வகுப்பில் எந்த வரியை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒரு தாளிலும் ஒரு தப்புகூட இல்லை, பார்த்தீர்களா?