கேலரியில் நின்ற பீடை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் நீதிபதி அம்மா. என் பஞ்சர் கடை ஜாக்கியில் எந்தக் கோளாறும் இல்லை. அதில் லாரியைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் பாய் விரித்துத் தூங்கலாம். ஜாக்கி நழுவிவிட்டது என்று போன வருடம் உங்களிடம் சொன்னேனே, அது அந்த ஜாக்கிக்கு நான் செய்த அநியாயம். உங்கள் ஆட்கள் எடுத்துப்போனதைத் திருப்பிக் கொடுத்தால் என் மனைவி நெலிடா விற்றுக்கொள்வாள்.

நீங்கள் தலைநகரத்துக்காரர். எங்கள் பரான்காவில் துறைமுகம் படுத்துவிட்டது, ஆலையைப் பூட்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பது கால்பந்து அணி ஒன்றுதான். அதுவும் என் மகள் பிறந்த வருடம் முதல் பிரிவிலிருந்து இறங்கியது, திரும்ப ஏறவே இல்லை. அவளுக்கே இப்போது நரை தட்டிவிட்டது. இந்த நிலைமையில்தான் பெர்டோலோட்டி கோச்சாக வந்தார். அவர் வந்தபோது எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் பந்தைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார்கள். அதே பயல்களை வைத்துக்கொண்டு ஒரே வருடத்தில் பிளே-ஆஃப் வரை கொண்டுபோனார். மூன்று ஆட்டம், மூன்றையும் ஜெயித்தால் முதல் பிரிவு. எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு. பெர்டோலோட்டி மேல் இருந்தது.

அவர் கோடையிலும் அதே பழுப்புக் கோட்டைத்தான் போட்டுக்கொள்வார். அணியின் பஸ்ஸுக்கு எதிரே சவ வண்டி வந்துவிட்டால் திருப்பச் சொல்லி வேறு வழியில் போவார். கோல் கம்பத்துக்குப் பின்னால் உப்புத் தூவுவார். சிலர் சிரித்தார்கள். ஜெயிக்கிறவன் எதைச் செய்தாலும் அதில் விஷயம் இருக்கும் என்பது என் கட்சி.

பிளே-ஆஃப் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவருடைய கார் டயர் என் கடை வாசலில் பஞ்சரானது. இத்தனை பஞ்சர் கடை இருக்கிற ஊரில் என் வாசலில். ஒட்டி முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து நான் கொடுத்த மாத்தேக் கஷாயத்தை உறிஞ்சினார். பிறகு சொன்னார்: "நம்ம தோத்த ஆட்டத்துல எல்லாம் கேலரில எவனோ ஒரு பீடை நிக்கிறான் மாஸ்டர். பதினோரு பேர நான் பாத்துக்குவேன். அந்த ஒருத்தன எப்படிப் பாத்துக்கிறது?"

"நான் பாத்துக்கறேன் கோச்" என்றேன்.

அவர் சிரித்தாரா இருமினாரா என்று சரியாகத் தெரியவில்லை. உங்கள் ஆட்கள் விசாரித்தபோது, பஞ்சர் ஒட்டியதே நினைவில்லை என்று சொன்னாராம். அப்படித்தான் சொல்வார். ஆட்டத்துக்கு முன்னால் அணியையே வெளியில் சொல்லாத மனிதர் அவர்.

அன்று சாயங்காலமே கிளப் கேண்டீனில் பேச்சை எடுத்தேன். கேண்டீன்காரன் சிச்சோ உள்பட எங்கள் கேலரி ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். தோற்ற ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, யார் யார் கேலரியில் இருந்தார்கள் என்று பார்த்தோம். ஒருவன் ஒரு தோல்வியின்போது கல்யாணத்துக்குப் போயிருந்தான். சிச்சோ ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் நெலிடாவின் அண்ணன் எலாடியோ மட்டும் மிஞ்சினார். எந்தத் தோல்வியையும் அவர் தவறவிட்டதில்லை.

எலாடியோ லாரி டிரைவர். பெரிய தொப்பை, பெரிய குரல். எனக்கு டைபாய்டு வந்தபோது தன் லாரியை நிறுத்திவிட்டு என் கடையை நடத்தியவர். எனக்கு அவர் மேல் பிரியம் உண்டு. இப்போதும் உண்டு. நாங்கள் சொன்னதைக் கேட்டு அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அடப்பாவி மாப்ள, நாம ரெண்டு பேரும் ஒரே வண்டிலதானடா போனோம்? ஒரே படிலதானடா நின்னோம்? என் ரொட்டில பாதிய நீதானே தின்ன?"

"நான் கணக்குப் பாக்கறவன் மச்சான். பாக்கறவன் கணக்குல வரமாட்டான்" என்றேன்.

எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். சிச்சோ மட்டும் கிளாஸைத் துடைத்தபடி என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கொஞ்சம் மந்தபுத்தி. கடைசியில் எலாடியோவும், டீமுக்காக என்றால் சரி, மூன்று ஆட்டத்துக்கும் வரமாட்டேன் என்று சிலுவை போட்டுச் சத்தியம் செய்தார்.

சத்தியம் முதல் ஆட்டத்துக்கே தாங்கவில்லை. பாதி ஆட்டம் முடிந்து ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். கம்பளிக் குல்லாயைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு தொப்பை மூன்று படி கீழே நிற்பதைப் பார்த்தேன். கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பேசித்தான் பார்த்தேன் அம்மா. "மீதிய மட்டும் பாத்துக்கறேன் மாப்ள. கண்ணப் பாதி மூடிக்கிட்டே பாக்கறேன்" என்று கெஞ்சினார். தலைமுடியைப் பிடித்து, மூத்திரத் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் அவர் வாயை மோதினேன். ஒருமுறை போதவில்லை, இன்னொரு முறை மோதினேன். தரையில் உட்காரவைத்துக் கதவை அடைத்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை பக்கத்திலேயே காவல் இருந்தேன். மேலே கேலரி இரண்டு தடவை இடிந்து விழுவது போல அதிர்ந்தது. இரண்டுக்கு ஒன்று, ஜெயித்துவிட்டோம்.

எலாடியோ உள்ளங்கையில் பல்லைத் துப்பிப் பார்த்தார். "ரெண்டு பல்லுக்கு ரெண்டு கோலு. மலிவுதான் மாப்ள" என்று சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் ரத்தம் என் ஜெர்சியில் பட்டது. ஜெயித்த ஜெர்சியைத் துவைக்கக் கூடாது என்பதால் அப்படியே மடித்து வைத்தேன்.

இரண்டாவது ஆட்டம் வெளியூரில். இந்தமுறை அவரை என் கடையில், வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் குழிக்குள் இறக்கி மேலே பலகை போட்டுப் பூட்டினேன். அவரே இறங்கினார், ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் கொண்டுபோனார். ரசிகர்கள் பஸ்ஸில் நான் போனேன். வழியில் டயர் வெடித்துவிட்டது. மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இரண்டு கோல் முன்னால் இருந்தோம். என் இடத்தில் நின்று மூச்சு விடுவதற்குள் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெனால்டி வரை போனது. என்னால் பார்க்க முடியவில்லை, முகத்தை மூடிக்கொண்டு மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். ஜெயித்தோம்.

ஊர் திரும்பிப் பலகையைத் திறந்தால் எலாடியோ பொக்கை வாயோடு சிரிக்கிறார். "கடைசி பெனால்டிய அந்தக் கீப்பர் பய எப்படித் தடுத்தான் பாத்தியா மாப்ள?" கையில் போன்.

எப்போது பார்க்க ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு கோல் ஆனப்பறம்தான்டா. இனிமே என்ன ஆகிடப்போகுதுன்னு."

நேரம் சரியாகப் பொருந்தியது. அவர் வலது கையைப் பட்டறை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினேன். விளையாட்டு என்று நினைத்து முதலில் அவரே கையை நீட்டினார். போன் பிடிக்கிற விரல்களை டயர் கழற்றும் லிவரால் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடக்கி முறித்தேன். கோழிக்காலை முறிக்கும் சத்தம்தான், ரேடியோ பாடினால் வெளியே கேட்காது. கட்டைவிரலை விட்டுவிட்டேன், ஸ்டியரிங் பிடிக்க வேண்டுமே. ஆஸ்பத்திரியில் ஜாக்கி நழுவிவிட்டதென்று அவரேதான் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். டீமின் பெயர் கெடக்கூடாது என்று அவருக்கும் இருந்தது.

"அண்ணனுக்கு மட்டும் உங்ககூட இருந்தா ஏங்க எல்லாம் நழுவுது?" என்று நெலிடா கேட்டாள். சாப்பாட்டைப் போடு என்றேன்.

இறுதி ஆட்டம் எங்கள் ஊரில். தோற்றால் கோச்சை அனுப்பிவிடப் போவதாக நிர்வாகத்தில் பேச்சு அடிபட்டது. என்னால் தூங்க முடியவில்லை, சாப்பிட முடியவில்லை. அந்த மனிதர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு உதவி. கடையைச் சாத்தப் போகும் சமயத்தில் எலாடியோ வந்து நின்றார். கையில் மாவுக்கட்டு, உடம்பில் ஜெர்சி.

"இன்னைக்கு நான் வரேன் மாப்ள."

"வேண்டாம் மச்சான்."

"பல்ல ஒடச்ச, பொறுத்துக்கிட்டேன். கைய ஒடச்ச, ஊருக்கெல்லாம் பொய் சொன்னேன். எல்லாம் டீமுக்காக. ஆனா இது என் டீமும்தான்டா. நான் பாக்காம அவங்க மேல ஏறினா, அது எனக்கு எதுக்கு?"

அவருடைய சுயநலம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊர் மேலே போவதைவிட இவர் பார்ப்பது பெரிது. இன்னொரு தடவை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். லிவரால் காதுக்குப் பின்னால் அடித்தேன். டயர் அடுக்கின் மேல் சரிந்து முழங்காலில் உட்கார்ந்தார். அந்த நேரம் மைதானத்திலிருந்து ஆரவாரம் கேட்டது. "மாப்ள, ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு நேரமாகிறதே என்பது போலச் சொன்னார்.

அவருக்குக் காது கேட்கிறது என்று தெரிந்த பிறகு நான் எப்படி நிறுத்துவது? நீங்களே சொல்லுங்கள். காது இருந்த இடம் தெரியாமல் போகும்வரை அடித்தேன். முகத்திலும் அடிக்க வேண்டியிருந்தது, என்னைத் தடுக்க அந்த மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். கை கீழே விழுந்த பிறகு அவரை, ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்த லாரிக்கு அடியில் இழுத்துப் போட்டேன். ஜாக்கியை இறக்கினேன். வழக்கம்போல மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுக் கை கழுவிவிட்டு, அந்தத் துவைக்காத ஜெர்சியை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாதி ஆட்டம் முடிந்திருந்தது. ஒரு கோல் முன்னால் இருந்தோம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் பழுப்புக் கோட்டு தெரிந்தது. முடிந்துவிட்டது கோச் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே என் படியில் ஏறி நின்றேன். பிறகு அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். கடைசி நிமிடத்தில் இன்னொன்றும் போட்டார்கள்.

ஏன் என்று இத்தனை மாதம் யோசித்திருக்கிறேன். அவசரத்தில் எலாடியோவின் கண்ணை மூடாமல் வந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. செத்தவர் என்றாலும் கண் திறந்திருந்தால் பார்வை பார்வைதான். என் வாழ்க்கையில் நான் வருந்துவது அந்த ஒரு கவனக்குறைவுக்காகத்தான் அம்மா.

நல்ல வேளை, கோச்சை நிர்வாகம் அனுப்பவில்லை. எலாடியோவைப் புதைத்த பிறகு நான் சொன்னது உண்மை என்று நிரூபணமாகிவிட்டது. நான் இங்கே ரிமாண்டில் உட்கார்ந்திருக்கும் இந்த வருடம் முழுக்கப் பரான்கா தோற்கவே இல்லை. பிளே-ஆஃபில் முதல் இரண்டு ஆட்டமும் முடிந்துவிட்டது, நான்கு நான்கு கோலாகப் போட்டிருக்கிறார்கள். இங்கே டிவி கிடையாது, ஒன்றையும் நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்காக வார்டன் எங்கள் கொட்டடியில் ஒரு டிவி மாட்டியிருக்கிறார். வருடம் முழுக்கக் காத்திருந்தது இதற்குத்தான்.

ஆனால் போன வாரம் யாரோ வைத்திருந்த ரேடியோவில் பெர்டோலோட்டியின் பேட்டி ஓடியது. எப்படித் தோற்காமல் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "போன வருஷம் கேலரில ஒரு பீடை இருந்துச்சு. இந்த வருஷம் இல்ல" என்றார். பார்த்தீர்களா, மறக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிமிர்ந்து பார்த்தால் கொட்டடியே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கே முக்கால்வாசிப் பேர் பரான்கா ரசிகர்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருக்கும் பாச்சி என் பாயில் வந்து உட்கார்ந்தான்.

"பெரியவரே, நீங்க கேலரில நின்னப்ப எத்தன வருஷமா நாம மேல போகல?"

சொன்னேன்.

"நீங்க இங்க வந்தப்பறம் எத்தன ஆட்டம் தோத்தோம்?"

"அது எலாடியோ போனதால" என்றேன்.

"ஆமாமா, எலாடியோ" என்று என் முதுகைத் தட்டினான். "ஞாயித்துக்கிழம வரைக்கும் நல்லாச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க."

அன்றிலிருந்து யாரும் என்னோடு பேசுவதில்லை. ஒருவன் கரண்டிக் காம்பைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். நான் பார்த்தால் நிறுத்துவதுகூட இல்லை. அதனால்தான் இன்று உங்களை வரச்சொன்னேன். விபத்து என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை பொதுக் கொட்டடிதான், கொலை என்று ஒப்புக்கொண்டால் தலைநகரச் சிறையில் தனி அறை என்று என் வக்கீல் சொன்னார். எழுதிக்கொள்ளுங்கள்: எலாடியோவைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். சனிக்கிழமைக்குள் என்னை மாற்றிவிடுங்கள், முடிந்தால் டிவி உள்ள அறையாக. இவர்களிடம் நியாயம் பேசிப் பயனில்லை. ஒரு குருட்டு நம்பிக்கைக்காக ஆளையே கொன்றுவிடக் கூடியவர்கள் அம்மா, இந்த ஜனங்கள்.