நாலு விரல் சந்து

ஒரே ஒரு கடல்ல ஒரே ஒரு கப்பலாம், அந்தக் கப்பல்ல ஒரு ரேடார் பொட்டியாம்னு கதையா சொன்னாத்தான் தலையில ஏறுமா தம்பி? இவ்வளவு நேரம் தொண்டை வறளக் கத்திட்டேன், மறுபடியும் சின்னக் கட்டைதானேங்கறீங்க.

சின்னக் கட்டைதான். பொட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல சுத்தியால அடிச்சு இறக்கியிருக்கே! அதுலயும் அக்கறையைப் பாருங்க, பெயிண்ட் உரிஞ்சிடக் கூடாதுன்னு துண்டு வேற சுத்தி. நீங்க வெக்கலையா? சரி, நம்பிட்டேன்.

ரேடார் திரை ஆடுது, கண்ணு வலிக்குதாமா? ஆடட்டும்னுதானே நான் முதுகு ஒடிய அடியில ஸ்பிரிங் மாட்டினேன்!

நாளைக்குச் சோதனைக்குத் தண்ணிக்கடியில குண்டு வெடிக்கப் போறாங்க இல்ல? அது கப்பலைத் தொடக்கூட வேண்டாம். எங்கேயோ தள்ளி வெடிச்சாலும் தண்ணி வந்து அடிவயித்துல ஓங்கி ஒரு குத்து விடும். தரை அப்படியே எகிறும். இறுக்கிப் பிடிச்ச சாமான் அந்த அடியை முழுசா வாங்கிக்கிட்டு உடையும். ஸ்பிரிங் மேல நிக்கறது தள்ளாடித் தப்பிச்சுக்கும். தள்ளாட இடம் வேணுமா வேணாமா? அதுக்குத்தான் சுத்தி நாலு விரல் சந்து விட்டேன். சும்மா கிடக்கற இடத்தைப் பாத்தா உங்க ஆளுங்களுக்குக் கை அரிக்குது. போன கப்பல்ல அதுக்குள்ள ஒருத்தர் செருப்பு வெச்சிருந்தார்.

சிரிக்காதீங்க. இந்தக் கட்டையை நான் இப்ப உருவலேன்னா, நாளைக்குப் பொட்டி பிச்சுக்கிட்டு முன்னால சாயும். முன்னால என்ன இருக்கு? ஆங், நாற்காலி. நாற்காலி காலியாவா இருக்கும்?

ஆமா, அதுல உக்காந்து திரை பாக்கற அந்தப் பொண்ணுதான். கறாரான ஆளா? தெரியும் தெரியும். ஒரு தடவை வேணாம்னு சொன்னா வேணாம்தான்.

என்ன, கட்டையை உருவினது யாருன்னு கேப்பாளா? நீங்கன்னு சொல்லுங்க. ஐயோ, என் பேச்சே வேணாம்! நான்னு தெரிஞ்சா, நான் கப்பலை விட்டு இறங்கறதுக்குள்ள வேற கட்டை தேடிச் சொருகிடுவா. நீங்க சொன்னா ஒருவேளை கேப்பா. கூட வேலை பாக்கறவங்க பேச்சுக்கு இருக்கற மதிப்பு எனக்கு இல்ல.

சொருகினது அவதான்னு எனக்கு எப்படித் தெரியுமா? இந்தத் துண்டோட ஓரத்தைப் பாருங்க. வெள்ளைத் துண்டுல பச்சைத் தையல். வீட்டுல வெள்ளை நூல் தீந்துபோச்சுன்னு நான்தான் கையில கிடைச்சதை வெச்சு ஓட்டினேன். பச்சை நூலாம்மான்னு அதுக்கும் ஒரு சண்டை. பால் குடிக்கற வயசுலேருந்து ஸ்பிரிங் கதை கேட்டுத் தூங்கினவ தம்பி அவ. இப்ப நான் இங்க காலை வெச்சா மானம் போகுதாம். அவ சாப்பிடப் போற நேரமாப் பாத்து ஏறி வந்திருக்கேன்.

உஷ். ஏணியில சத்தம். குதிகாலை இடிச்சுத்தான் நடப்பா, எத்தனை சொன்னாலும். நான் அந்தப் பக்கமா இறங்கிக்கறேன், கட்டை என்கிட்டயே இருக்கட்டும். நீங்க துண்டைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. அப்படி இளிச்சுக்கிட்டு இல்ல தம்பி, கொஞ்சம் கோவமா.

வரேன்.